நிரலர் பேச்சுக்கும் ஊர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, 1945இல் கணிப்பொறிக்குள் ஒரு பூச்சி சிக்கியதால்தான் நிரல் கோளாறைக் குறிக்கும் 'பக்' என்ற சொல் பிறந்தது என்பது. மற்றொன்று, நம் ஊர் மென்பொருள் அலுவலகங்களில் 'சர்வர் படுத்துடுச்சு', 'மக்கர் பண்ணுது' என்று பேசுவது தமிழையும் கெடுக்கிறது, தொழிலையும் கெடுக்கிறது என்பது. முன்னது தகவல் பிழை. பின்னது அந்தப் பிழையிலிருந்தே முளைத்த முடிவு என்று நினைக்கிறேன். ஆங்கில நிரலர் சொற்கள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் திருத்தமாகப் பிறந்தவை, நம்முடையவை தெருவில் பிறந்தவை என்ற எண்ணம் அந்தக் கட்டுரைக்கு அடியில் ஓடுகிறது. இரண்டும் தெருவில் பிறந்தவைதான்.

முதலில் பூச்சி. நாள் 1947 செப்டம்பர் 9, இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகம். மார்க் 2 என்ற ரிலே கணிப்பொறியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, எஃப் பலகத்தின் 70ஆம் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி கிடந்தது. ரிலே என்பது மின்காந்தம் இழுக்க இரண்டு தொடுமுனைகள் ஒட்டும், விட்டால் பிரியும் கருவி. முனைகளுக்கு நடுவே தடித்தாளின் கனத்தில் எது கிடந்தாலும் சுற்று மூடாது. பூச்சியை எடுத்துப் பணிப்பதிவேட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டி, பிற்பகல் 3.45 என்று நேரம் குறித்து, 'உண்மையாகவே பக் அகப்பட்ட முதல் நிகழ்வு' என்னும் பொருளில் ஒரு வரி எழுதினார்கள். அந்தப் பதிவேடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமைப்பின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'உண்மையாகவே' என்ற சொல்தான் சாட்சி. பக் என்று கோளாறைச் சொல்லும் வழக்கம் முன்பே இருந்ததால்தான், நிஜப் பூச்சி அகப்பட்டதும் அவர்களுக்கு அது எழுதி வைக்கத் தக்கதாகப் பட்டது. பலரும் பெயர் சொல்லும் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் அதைக் கண்டெடுத்தவர் அல்லர். பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிப் பரப்பியவர். தாமஸ் எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே, புதிய கருவியில் தலைகாட்டும் சிறு கோளாறுகளை 'பக்' என்று சொல்வார்கள் என்று குறித்திருக்கிறார்.

எடிசன் இளமையில் தந்தி இயக்குநராக வேலை பார்த்தவர் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்திலும் ஒரு தந்திச் சொல் நிரலர் வாயில் உயிரோடு இருக்கிறது. 'கமாண்ட் அடி', 'க்வெரி அடி' (தரவுத்தளத்திடம் கேள்வி கேள்), 'மெயில் அடி' என்கிறோமே, அந்த 'அடி' தந்தி அடித்த காலத்திலிருந்து தட்டச்சுக்கு வந்து, அங்கிருந்து விசைப்பலகைக்கு வந்திருக்க வேண்டும். குளிரில் பல் தந்தியடிக்கும் என்று இன்றும் சொல்கிறோம். இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. தந்தியைப் பார்த்தே இராத பிள்ளைகள் 'க்வெரி அடிச்சுப் பாரு' என்கிறார்கள். பக் கடந்து வந்த வழியும் இத்தகையதே.

அடுத்தது, 'ஹேக்' முதலான சொற்களின் தொட்டில். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் தொடங்கிய பொம்மை ரயில் மன்றம் அது. தண்டவாளத்துக்கு அடியில் தொலைபேசி நிலைய ரிலேக்களையும் கம்பிகளையும் கட்டி மேய்த்த மாணவர் குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சொற்கிடங்கை வளர்த்தது. 1959இல் பீட்டர் சாம்சன் அதை ஒரு சிற்றகராதியாகத் தொகுத்தார். ரயில் மோதப்போகிறது என்றால் அழுத்துவதற்கு அறையெங்கும் அவசர நிறுத்த விசைகள் உண்டு. ஒன்றை அழுத்தினால் மேலே இருக்கும் இலக்கக் கடிகாரம் நின்று, நேரத்துக்குப் பதிலாக 'ஃபூ' என்று காட்டும். இன்று உலகமெங்கும் பாடநூல்களில் மாதிரிப் பெயராக 'ஃபூ', 'பார்' என்று எழுதுகிறார்களே, அந்த ஃபூ இந்த மன்றத்தின் வழியாகவும் வந்தது. அதற்கு முன் 1930களின் சித்திரக்கதையிலும், இரண்டாம் உலகப் போர்க்காலப் படைவீரர் கொச்சையிலும் அது புழங்கிற்று. 'பார்' சேர்ந்ததற்குப் படைவீரர்களின் வசைச்சொல்லான 'ஃபூபார்' காரணம் என்பர். ஆர்எஃப்சி என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 3092ஆம் எண் ஆவணம் முழுக்க இந்த ஒரு சொல்லின் வரலாறுதான்; 2001 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டார்கள். ஒரு வசவின் வரலாற்றைத் தேதியோடு எழுதி வைப்பதை அவர்கள் கேவலமாக நினைக்கவில்லை. நம் பக்கத்தில் மாதிரித் தரவு நிரப்புகிறவர்கள் 'குப்பன்', 'சுப்பன்' என்று போடுகிறார்கள். வேலையும் அதுவே, பிறந்த இடமும் ஊர்ப் பேச்சே.

1975இல் ஸ்டான்ஃபோர்டில் ராபேல் ஃபிங்கல் தொடங்கிய 'ஜார்கன் ஃபைல்' என்னும் தொகுப்பு, இந்தச் சொற்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்தது. பல கைகள் மாறி வளர்ந்து 1983இல் அச்சிலும் வந்தது. அதைப் புரட்டினால் வட்டார வழக்கு எப்படி உள்ளே நுழைகிறது என்று தெரியும். 'கிளட்ஜ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியோ ஒட்டவைத்து ஓடச்செய்த அசிங்கமான தீர்வு என்பது பொருள். 1962 பிப்ரவரியில் டேட்டமேஷன் என்ற கணினி இதழில் ஜாக்சன் கிரான்ஹோம் எழுதிய கட்டுரை அதை அச்சில் பரப்பியது. ஆனால் அமெரிக்கப் பழைய நிரலர்கள் வாயில் அது 'குளூஜ்'. ஸ்காட்லாந்து வட்டார வழக்கில் கழிப்பறைக்கு 'கிளட்ஜி' என்று பெயர். பிரிட்டனில் கிளட்ஜ் என்ற ஒலிப்புக்கு அதுவே மூலம் என்று ஜார்கன் ஃபைல் கருதுகிறது. அதாவது உச்சரிப்பைக் கேட்டே ஆள் அட்லாண்டிக்கின் எந்தக் கரை என்று சொல்லிவிடலாம். இதே வேலைக்கு நம்மிடம் 'ஒப்பேத்துறது' இருக்கிறது. 'இப்போதைக்கு ஒப்பேத்தி வெச்சிருக்கேன், அடுத்த ரிலீஸ்ல சரியாப் பண்ணணும்' என்று ஒருவர் சொன்னால், அதில் வேலை முடியவில்லை என்ற ஒப்புதலும், திரும்ப வர வேண்டும் என்ற கடனும் சேர்ந்தே இருக்கின்றன. 'தற்காலிகத் தீர்வு' என்று எழுதினால் அந்தக் கடன் காணாமல் போகிறது.

'பேட்ச்' இன்னும் கண்ணால் காணக்கூடிய சொல். நிரலைத் துளையிட்ட நாடாவில் வைத்திருந்த காலத்தில், தவறான துளைகளின் மேல் துண்டுத்தாளை ஒட்டி அடைப்பார்கள். பெரிய மாற்றம் என்றால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டுவார்கள். நம் சைக்கிள் கடையில் டியூபுக்குப் போடும் ஒட்டும் அதுவே. பஞ்சர் கடைக்காரர் ஓட்டையைச் சுற்றி அரத்தால் தேய்த்து, பசை தடவி, காற்றாட விட்டு, பிறகுதான் ஒட்டை அழுத்துவார். தேய்க்காமல் ஒட்டினால் இரண்டு நாளில் பெயரும். 'சும்மா ஒட்டுப் போட்டிருக்கான்' என்று நிரலைப் பார்த்துச் சொல்கிறவர் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறார்: மேலே ஒட்டியிருக்கிறது, அடியில் தேய்க்கவில்லை.

என்னை நீண்ட நாளாக வியக்க வைக்கும் இணை 'கிளிட்ச்'. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் வழுக்கல், சறுக்கல் என்ற பொருளுடைய சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவர். 1940களில் அமெரிக்க வானொலி நிலையங்களில் புழங்கி, 1960களில் விண்வெளிப் பொறியாளர்கள் வழியே கணினிக்கு வந்தது. இங்கே தமிழில் பக்குக்கு இணையாக அகராதிக்காரர்கள் தேர்ந்தெடுத்தது 'வழு'. வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே குடும்பம்: நழுவுவது, தடம் தவறுவது. இலக்கணத்தில் தொல்காப்பியம் தொட்டுப் பிழைக்கு அதுதான் பெயர். இரண்டு மொழியிலும் கோளாறு என்றால் கால் சறுக்குவது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. பிழை போலத் தோன்றினாலும் வழக்கினால் ஏற்றுக்கொள்ளப்பட்டதை நம் இலக்கணம் 'வழுவமைதி' என்கிறது. மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணை வழுவமைதி. நிரலர்கள் 'அது பக் இல்லை, ஃபீச்சர்' என்று சொல்லும்போது அதைத்தான் சொல்கிறார்கள். பயனர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பிப் பழகிவிட்ட பிழையைத் திருத்தினால், திருத்தமே புது உடைப்பாகிவிடும். உதாரணமாக ஓர் அறிக்கையில் தேதி நெடுவரிசைக்குப் பின்னால் தவறுதலாக ஒரு வெற்றிடம் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளும் அடுத்த மென்பொருள் பதினோரு எழுத்து என்று எண்ணி வெட்டிக்கொண்டிருக்கும். வெற்றிடத்தை நீக்கிய அன்றே அது நின்றுபோகும். இதற்கு 'வழுவமைதி' என்று பெயர் வைத்து டிக்கெட்டில், அதாவது கோளாறைப் பதியும் குறிப்பில், எழுதினால் அடுத்து வருகிறவர் தொடமாட்டார். ஆனால் கலைச்சொல் பட்டியல்களில் வழு மட்டும் இருக்கிறது, கூடப்பிறந்ததை விட்டுவிட்டார்கள்.

ஆப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஹேக்கர் வழக்கில் 'வெட்ஜ்டு' என்றால் ஆப்பு இறங்கி இறுகிப்போனது, செத்துப்போனதல்ல. புராசஸ் (ஓடும் நிரல்) இருக்கும், போர்ட் (வெளியிலிருந்து இணையும் வாயில்) திறந்திருக்கும், கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரியும், ஆனால் ஒரு வேலையும் நகராது. பச்சை எரிவதற்குக் காரணம், கண்காணிப்பு நிரல் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. உள்ளே ஒரு சிறு க்வெரியாவது அடித்து விடை வருகிறதா என்று பார்த்தால்தான் இது பிடிபடும். நம் பேச்சில் 'ஆப்பு வெச்சுட்டான்' என்பது கெடுத்துவிட்டான் என்ற பொருளில் நடக்கிறது. பாதி பிளந்த மரத்தின் நடுவே உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை நமக்குப் பழமொழியாகவே இருக்கிறது. ஏன் வைத்தார்கள் என்று கேட்காமல் பழைய நிரலில் ஒரு வரியைப் பிடுங்குகிறவருக்கு 'ஆப்பசைத்த குரங்கு' என்பதைவிடச் சரியான எச்சரிக்கை எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. தேர்ச்சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டையும் அப்படியே, 'பிளாக்கர்' என்று தினக்கூட்டத்தில் சொல்வதற்குப் பொருந்துகிறது.

சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் இயங்குதள உலகில் கணினியை 'பாக்ஸ்' என்பார்கள். நம்மவர் 'பொட்டி', வேலையே 'பொட்டி தட்டுறது'. 'ரன்' என்பதற்கு ஓடு, ஓட்டு என்ற இணை ஆங்கிலத்தைவிடத் தெளிவு: தானாக ஓடுவதும் பிறர் ஓட்டுவதும் வினையிலேயே பிரிந்துவிடுகின்றன. 'அப்லோடு', 'டவுன்லோடு' என்பவற்றுக்கு 'ஏத்து', 'இறக்கு': லாரிச் சுமைக்குரிய சொற்கள், 'லோடு' என்பதும் சுமைதானே. வேலைப்பளுவை 'ஆணி' என்பது 2001இல் வந்த ஒரு திரைப்படத்தின் வடிவேலு நகைச்சுவைக் காட்சியிலிருந்து 2000களில் வலைப்பதிவர்கள் வழியே அலுவலகத்துக்குள் வந்தது. ஆங்கிலத்தில் வேண்டாத மின்னஞ்சலுக்கு 'ஸ்பாம்' என்ற பெயர், டின்னில் அடைத்த இறைச்சியை வைத்து 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் காட்சியிலிருந்து வந்ததைப் போல.

சொற்களைத் தாண்டி, பேச்சின் அமைப்பிலும் ஒற்றுமை இருக்கிறது. லிஸ்ப் என்னும் நிரல்மொழியில் ஆம், இல்லை என்று விடை தரும் செயற்கூறுகளின் பெயர் 'பி' என்ற எழுத்தில் முடியும். அந்த நிரலர்கள் சாப்பாட்டு நேரத்தில் 'ஃபுட்-பி?' என்று கேட்டுக்கொண்டார்கள். பதில் 'டி', அதாவது ஆம். தமிழில் இந்த வசதி பிறவியிலேயே உண்டு. 'டீயா?' என்றால் போதும். எந்தச் சொல்லோடும் ஆகாரம் சேர்ந்தால் கேள்வி. 'பில்டா?', 'லைவா?' என்று நம்மவர் கேட்கும்போது ஆங்கிலச் சொல் தமிழ் இலக்கணத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விகுதிகளை இழுத்து ஒட்டிப் புதுச்சொல் செய்யும் விளையாட்டு ஜார்கன் ஃபைலில் நிறைய. 'சமாளிஃபிகேஷன்' என்ற நம்மூர்ச் சொல் அதன் உடன்பிறப்பு. 'பக்கு கிக்கு எதுவும் இல்லையே?' என்ற எதிரொலிச் சொல்லும் பொருளில்லாத ஒட்டு அல்ல. பக் மட்டுமல்ல, அதன் வகையைச் சேர்ந்த எதுவும் இல்லையே என்று கேள்வியை விரிக்கிறது.

இதற்கெல்லாம் நம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் கட்டுரையாசிரியர் கவனிக்காதது. ஒரு குழுவினர் தமக்குள் பொருள் குறித்து வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர் என்று பள்ளியிலேயே படித்தோம். ஒரு நிலத்தில் வழங்குவது திசைச்சொல்: குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்றது போல. 1995இல் வார்டு கன்னிங்காம் தம் தளத்துக்கு ஹொனலுலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து 'விக்கி' என்று பெயர் வைத்தாரே, ஹவாய் மொழியில் விரைவு என்று பொருள்படும் அது உலக நிரலர் மொழிக்கு வந்த திசைச்சொல். 'மக்கர்' உருது வழியே வந்தது. அரபியில் வஞ்சனை, பாசாங்கு என்ற பொருளுடையது. 'பேஜார்' பாரசீகத்தில் சலிப்பு. மெக்கானிக் கடையில் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சர்வருக்குச் சொல்கிறோம். இதில் தமிழுக்கு என்ன கேடு?

தொழிலுக்குக் கேடு என்ற குற்றச்சாட்டுக்குத்தான் விரிவான பதில் தர வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் வரும் ஒற்றைச் சொல் எதைப் பார்க்கச் சொல்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

'தொங்குது' என்றால் புராசஸ் உயிரோடு இருக்கிறது, பதில் இல்லை. உடனே ரீஸ்டார்ட் செய்தால் காரணம் அழிந்துபோகும். ஜாவா மொழி நிரல் என்றால் முதலில் பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை த்ரெட் டம்ப், அதாவது நிரலின் ஒவ்வொரு இழையும் (த்ரெட்) எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு, எடுக்க வேண்டும். மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே வரியில் நின்றால் பூட்டுச் சிக்கலாக, அதாவது வேறொருவர் பிடித்துவைத்த தரவுக்காகக் காத்திருப்பதாக, இருக்கலாம். டேட்டாபேஸில் யார் பூட்டைப் பிடித்திருக்கிறார் என்று தேட வேண்டும். 'சுத்துது' என்றால் முடிவில்லாச் சுழற்சிக்கு வாய்ப்பு. செயலியின் ஒரு கோர் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று டாப் கட்டளையில் தெரியும். 'படுத்துடுச்சு' என்றால் புராசஸே இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்தால் நினைவகம் தீர்ந்து கெர்னலே கொன்றதா, அல்லது தானாக விழுந்ததா என்று தெரியும். முன்னது என்றால் எழுப்பிவிட்டாலும் சில மணி நேரத்தில் மறுபடி படுக்கும். 'திணறுது' என்றால் வேலை நடக்கிறது, சுமை தாங்கவில்லை. விஎம்ஸ்டாட் கட்டளையில், வட்டிலிருந்து நினைவகத்துக்கு வருவதையும் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ நெடுவரிசைகள் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நினைவகத்தை வட்டுக்கு மாற்றி மாற்றி மூச்சு வாங்குகிறது. 'இழுக்குது' பெரும்பாலும் ஒரே ஒரு திரை மெதுவாவது. இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத க்வெரியைத் தேட வேண்டும்.

'மக்கர்' தனி வகை. ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது. சுமைப் பகிர்வானுக்குப் பின்னால் முறைவைத்து வேலை வாங்கும் நான்கு சர்வர்கள் இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால், நான்கில் ஒரு கோரிக்கை தோற்கும். 'மறுபடி அழுத்தினா வருது' என்பார்கள். எனவே மக்கர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான்கையும் தனித்தனியே அழைத்துப் பார்ப்பது முதல் வேலை. 'சொதப்புது' எல்லாவற்றிலும் ஆபத்தானது: ஓடுகிறது, ஆனால் தப்பான விடை தருகிறது. ரீஸ்டார்ட் பயன்படாது, தரவு கெட்டுக்கொண்டே போகும். முதலில் எழுதுவதை நிறுத்த வேண்டும், பிறகு கடைசியாக என்ன ஏற்றினார்கள் என்று பார்க்க வேண்டும்.

இத்தனை நிலைகளுக்கும் நல்ல எழுத்துத் தமிழில் பலரும் எழுதுவது 'சர்வர் செயல்படவில்லை' என்ற ஒரே வாக்கியம். ஆங்கில மின்னஞ்சலில் 'நாட் வொர்க்கிங்'. நோய்க்குறியைச் சொல்லும் ஏழு சொற்களைத் தூக்கிவிட்டு ஒரு சொல்லை வைத்தால், பார்க்க வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கொச்சையால் விபரீதம் வராது என்று நான் சொல்லவில்லை. வரும் இடங்கள் தெரியும். 'நிக்குது' என்ற சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு பொருள். 'லோடுக்கு நிக்குது' என்றால் தாங்குகிறது. 'நின்னுபோச்சு' என்றால் ஓய்ந்துவிட்டது. கைமாற்றுக் குறிப்பில் வெறும் 'நிக்குது' என்று எழுதக்கூடாது. 'தூக்கு' அதைவிடச் சிக்கல்: 'சர்வரைத் தூக்கு' என்றால் சிலருக்கு எழுப்பு, சிலருக்கு அகற்று. 'அந்த லைனைத் தூக்கிடு' என்றால் நீக்கு. 'பில்டைத் தூக்கிப் போடு' என்றால் நிறுவு. இதற்கு ஒரே மருந்து, மாற்ற முடியாத வேலைக்கு வாய்மொழியை நம்பாமல் இயந்திரத்தின் பெயரையும் கட்டளையையும் எழுத்தில் கேட்பது. 'லோக்கல்' என்பது நிரலருக்குத் தன் சொந்தக் கணினி, சென்னைத் தெருவில் தரம் குறைந்தது. இது யாரையும் கவிழ்க்காது.

உண்மையான சேதம் செய்வது நம் அலுவலக ஆங்கிலம். இந்தியாவில் 'ரிவர்ட்' என்றால் பதில் எழுது. கிட் என்ற நிரல் பதிவுக் கருவியில் ரிவர்ட் என்றால், ஒரு மாற்றத்தைத் தலைகீழாக்கும் புதிய பதிவைச் சேர். 'இந்தச் சேஞ்ச் பற்றி ரிவர்ட் செய்யவும்' என்ற மின்னஞ்சலை வெளிநாட்டு அணி படித்து, நல்ல மாற்றத்தைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. திருப்பியது ஒரு மெர்ஜ், அதாவது தனிக் கிளையில் செய்த மாற்றங்களை முதன்மை நிரலோடு சேர்த்த பதிவு, என்றால் அடுத்த சிக்கல். பிறகு அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தாலும் பழைய மாற்றங்கள் திரும்பி வராது. அந்தப் பதிவுகள் ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதாகக் கிட் கருதும். ரிவர்ட்டை ரிவர்ட் செய்தால்தான் வரும். சந்தேகம் என்ற பொருளில் 'டவுட்' என்று எழுதுவதும் அப்படித்தான்: நாம் ஐயம் கேட்கிறோம், அவர்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொச்சைத் தமிழ் என்று குறைசொல்லும் எவரும் இந்த இரண்டையும் கண்டிப்பதில்லை.

எனவே இந்தச் சொற்களைத் திருத்துவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒழுங்கு உண்டு. சொல்லைத் தனியாகக் குறிக்காமல், கேட்ட வாக்கியத்தை முழுதாகக் குறிக்க வேண்டும். 'தூக்கு' என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. எந்த ஊர்க்காரர், சோதனையாளரா, டேட்டாபேஸ் பார்ப்பவரா, வலையமைப்புக்காரரா என்று குறிக்க வேண்டும்; பெயர் வேண்டாம். எப்போதிருந்து புழங்குகிறது என்பதற்குப் பழைய கமிட் செய்திகள், அதாவது நிரல் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்புகள், நல்ல சாட்சி. கிட் லாக் கட்டளையில் சொல்லைத் தேடும் கிரெப் விருப்பம் கொடுத்து எல்லாக் கிளைகளிலும் தேடலாம். ரீபேஸ் செய்த, அதாவது வேறு அடிப்படையின் மேல் மறுபடி அடுக்கிய, பதிவுகளில் இரண்டு தேதி இருக்கும். எழுதியவரின் தேதியை எடுக்க வேண்டும், கமிட் தேதியை எடுத்தால் சொல் உண்மையைவிட இளையதாகத் தெரியும். பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள். 'சொதப்பல்' என்பதன் 'த' ஒலிக்கே நான்கு எழுத்துமுறை உண்டு. ஒன்றை மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. இலங்கைத் தமிழில் கணினி பல இடங்களில் 'கணனி', கம்ப்யூட்டர் 'கொம்பியூட்டர்'. அந்த வடிவங்களையும் சேர்க்க வேண்டும். நிறுவன டிக்கெட்டின் உள்ளடக்கத்தை வெளியே கொண்டுவரக்கூடாது. சொல்லும் மாதமும் ஆண்டும் போதும்.

பிறப்புக் கதைகளில் எச்சரிக்கை வேண்டும். ஒரு சொல் இன்ன ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று யாராவது சொன்னால் உடனே நம்பக்கூடாது. மற்றொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளைக்கு அப்படி ஒரு விரிவு சுற்றுகிறது. 1983 டிசம்பரில் அதை எழுதிய மைக் மூஸ், நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலியை வைத்தே பெயரிட்டதாகத் தாமே சொல்லியிருக்கிறார். விரிவு பின்னால் ஒட்டவைத்தது. சென்னைப் பேச்சில் பல சொற்களுக்கு இப்படி வெள்ளைக்காரத் துரை பேசிய கதை ஒன்று இருக்கும். பழைய எழுத்துச் சான்று கிடைக்கும்வரை 'என்பர்' என்று மட்டும் எழுதி நிறுத்துவது நல்லது.

தங்கள் கணினிப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம் இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன். வாசகர் அனுப்பும் சொல்லை எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல், கேட்ட ஒலிப்பிலேயே அச்சிட வேண்டும். 1947 பற்றிய திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிட்டால் மாணவர்களுக்கு உதவும். கட்டம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

மக்கர். சொல்வோர்: பராமரிப்புப் பணியாளர், சோதனையாளர். இடம்: சென்னை. வாக்கியம்: 'பேமெண்ட் பக்கம் காலையிலிருந்து மக்கர் பண்ணுது, ரெண்டாவது தடவை அழுத்தினா போகுது.' பொருள்: விட்டுவிட்டு வரும் கோளாறு. வந்த வழி: உருதுவிலிருந்து வாகனப் பட்டறைக்கு, பட்டறையிலிருந்து கணினிக்கு. முதலில் செய்ய வேண்டியது: ரீஸ்டார்ட் செய்யாமல், பின்னால் உள்ள சர்வர்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்து, தோற்பதை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி வைத்தல்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.